அகற்றாமல் விட்ட எஸ்கார்: 35% தீக்காயத்தில் சூடோமோனாஸ் தொற்று, ஒரு நிகழ்வு ஆய்வு

எஸ்கார் என்பது முழு ஆழத் தீக்காயத்தின்மேல் இறந்து இறுகிக் கிடக்கும் திசு; சூடோமோனாஸ் ஈரமான இடங்களில் வளரும் ஒரு பாக்டீரியா. இங்கே வரும் நோயாளி குறிப்பிட்ட ஒருவர் அல்லர். தீக்காய வார்டுகளில் திரும்பத் திரும்பக் காணும் போக்கைக் கற்பிப்பதற்காக ஒரே நிகழ்வாகத் தொகுத்திருக்கிறோம். நோயாளியைப் பற்றிய எண்கள் அந்தத் தொகுப்புக்கு மட்டுமே உரியவை. எட்டாம் நாளில் செப்சிஸுக்குள் (தொற்றால் உடலின் உறுப்புகளே தடுமாறும் நிலைக்குள்) போனவருக்குத் தொற்றுக்கான வழி உண்மையில் எந்த நாளில் திறந்தது என்பதே இங்கே எழும் கேள்வி.

நோயாளி வந்தபோது

வயது 42, ஆண், எடை 62 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரை ஒழுங்காக எடுக்காதவர். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 9.4. திறந்த வெளியில் எரிபொருள் பற்றி உடுப்பில் தீப்பிடித்தது. முதலில் கொண்டுபோன இடத்தில் 1,000 மி.லி. சலைன் ஏற்றி, புண்மீது ஊதா நிற மருந்தைப் பூசி அனுப்பியிருந்தார்கள். தீப்பட்ட ஐந்தாம் மணி நேரத்தில் தீக்காயப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். குரல் தெளிவாக இருந்தது, மூக்கிலும் தொண்டையிலும் கரி இல்லை. மூச்சுக்குழாய்க் காயம் இல்லை என்று முடிவானது. டெட்டனஸ் ஊசி போடப்பட்டது.

ஊதா மருந்தைக் கழுவி எடுத்த பிறகுதான் ஆழம் தெரிந்தது. நிறம் ஏற்றும் எந்தப் பூச்சும் முதல் நாளில் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்: வெளுப்பா, சிவப்பா, அழுத்தினால் நிறம் திரும்புகிறதா என்று பார்க்கவே முடியாமல் போகிறது. நெஞ்சும் மேல்வயிறும் 11%, வலக்கை முழுவதும் 9%, இட முன்கை 2%. இவை மேலோட்டமான பகுதி ஆழக் காயங்கள். அடிவயிறு 5%: திட்டுத்திட்டான வெள்ளை சிவப்பு, ஆழம் உறுதியில்லை. வலத்தொடையின் முன்புறமும் பக்கங்களும் 7%, தொடையிடுக்கும் அதையொட்டிய பகுதியும் 1%. இந்த 8% மட்டும் முழு ஆழம், பதப்படுத்திய தோல்போலக் கடினமாகி உணர்வற்று இருந்தது; இதுதான் எஸ்கார். ஆக மொத்தம் 35%.

முதல் 48 மணி நேரம்

முதல் 24 மணி நேரத்துக்கு ஏற்ற வேண்டிய நீரைச் சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படி (4 மி.லி. × எடை × எரிந்த சதவீதம்) 4 × 62 × 35 = 8,680 மி.லி. ரிங்கர் லாக்டேட் டிரிப். இதில் பாதியான 4,340 மி.லி. தீப்பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும், வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. ஏற்கெனவே போன 1,000 போக மீதி 3,340 மி.லி.யை மூன்று மணி நேரத்தில் ஏற்றினார்கள். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அதற்குப் பிறகு. பத்தாம் மணி நேரத்திலிருந்து சிறுநீர் மணிக்கு 100 மி.லி.க்கு மேல் வந்துகொண்டே இருந்தது. பெரியவருக்கு இலக்கு கிலோவுக்கு 0.5 மி.லி., அதாவது மணிக்கு 30 முதல் 50 மி.லி. போதும். டிரிப்பைக் குறைக்க யாரும் கை வைக்கவில்லை. 24 மணி நேரத்தில் 12,400 மி.லி. ஏறியது.

இங்கே ஒரு நியாயமான தயக்கமும் உண்டு. அவருக்குச் சர்க்கரை 320. அந்த அளவில் சர்க்கரையே சிறுநீரை இழுத்து வெளியேற்றும். சிறுநீர் நிறைய வருகிறது என்பதை மட்டும் நம்பி டிரிப்பைக் குறைத்தால் ஏமாறலாம். ஆனால் லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) 1.8-க்கு இறங்கியிருந்தது, ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 36, ரத்த அழுத்தம் நிலையாக இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் மணிக்கு மணி 20% வீதம் குறைத்திருக்கலாம்.

கூடுதல் நீர் தொற்றோடு எப்படிச் சேர்கிறது? தீக்காயத்தில் நடுவே முற்றிலும் இறந்த திசு, அதைச் சுற்றி ரத்த ஓட்டம் தேங்கிய வளையம், வெளியே வெறும் சிவப்பு. நடுவளையம் பிழைப்பதா சாவதா என்பது முதல் இரண்டு மூன்று நாளில் தீர்மானமாகும். வீக்கம் நுண்குழாய்களை நெருக்கினால் அது சாகும். அடிவயிற்றின் 5% அப்படிப்பட்ட நிலையில்தான் இருந்தது.

அன்றே செஃப்ட்ரையாக்சோனும் மெட்ரோனிடசோலும் "தொற்று வராமல் இருக்க" என்று தொடங்கினார்கள். காய்ச்சலும் இல்லை, தொற்றின் அறிகுறியும் இல்லை. எஸ்காருக்குள் ரத்தக்குழாய் இல்லை. ஊசி வழியே போகும் மருந்து அங்கே போய்ச் சேராது. செஃப்ட்ரையாக்சோனுக்குச் சூடோமோனாஸ்மீது வேலையும் இல்லை. அது செய்தது ஒன்றுதான்: குடலிலும் தோலிலும் இருந்த எளிய கிருமிகளை அழித்து, தாங்கும் கிருமிகளுக்கு இடம் காலி செய்தது. தீக்காய நோயாளிக்குத் தடுப்பு ஆன்டிபயாட்டிக்கை வழக்கமாகத் தரக்கூடாது என்பது பழைய பாடம். ஆனாலும் கேஸ் ஷீட்டில் முதல் வரியாக அது வந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை

தீப்பட்டவுடன் புண்ணின் மேற்பரப்பு ஏறக்குறையச் சுத்தம்தான். மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றின் ஆழத்தில் பிழைத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவை இரண்டு நாளில் மேலே வந்து குடியேறும். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் குடலிலிருந்தும், கைகளிலிருந்தும், வார்டுத் தண்ணீரிலிருந்தும் கிராம் நெகட்டிவ் கிருமிகள் வந்து சேரும். பூஞ்சைகள் பெரும்பாலும் அதற்கும் பிறகு, அகன்ற வீச்சு ஆன்டிபயாட்டிக் பல நாள் போன உடம்பில். இந்த வரிசையைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு எஸ்காரை எந்த நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் நாளுக்கு எக்ஸிஷன் (எஸ்காரை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்) குறித்திருந்தார்கள். அன்று சர்க்கரை 290, தள்ளிப்போனது. ஐந்தாம் நாள் ஹீமோகுளோபின் 8.8, ரத்தம் தயாராகவில்லை. ஆறாம் நாள் தியேட்டரில் இடம் இல்லை. ஒவ்வொரு காரணமும் அந்தந்த நாளில் ஒப்புக்கொள்ளக்கூடியதாகவே இருந்தது. ஆனால் சர்க்கரையை இன்சுலின் டிரிப்பில் ஒரே இரவில் 180-க்குக் கீழே கொண்டுவரலாம். நான்காம் நாள் ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்க வேண்டிய நாள் முதல் நாளே. 8% என்றால் இவருடைய 1.7 சதுர மீட்டர் உடற்பரப்பில் ஏறக்குறைய 1,360 சதுர செ.மீ. சதுர சென்டிமீட்டருக்கு 0.5 முதல் 1 மி.லி. ரத்த இழப்பு என்று வைத்தாலும் 700 முதல் 1,400 மி.லி. தொடையில் டூர்னிக்கேயும் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை), நீர்த்த அட்ரினலினும் சேர்த்தால் அதிலும் குறையும். இரண்டு யூனிட் ரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடித்திருக்கக்கூடிய வேலை.

சாப்பாட்டுக் கணக்கு இதைவிட மோசம். தீக்காயக் கலோரித் தேவைக்கான கர்ரேரி கணக்கில் (25 × 62) + (40 × 35) = 2,950 கலோரி. இந்தக் கணக்கு சற்று அதிகமாகவே காட்டும். ஆனாலும் 2,400-க்குக் கீழே போக இடமில்லை. புரதம் கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம், அதாவது 93 முதல் 124 கிராம். "வாய்வழி நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று ஷீட்டில் எழுதியிருந்தது. எடுத்த உணவைக் கூட்டிப் பார்த்தபோது நாளுக்கு 1,100 கலோரி, 45 கிராம் புரதம். 20 சதவீதத்துக்கு மேல் வெந்தவர் தானாகச் சாப்பிட்டுத் தேவையை எட்டுவது அரிது. மூக்கு வழி டியூப் முதல் நாளே போயிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் புண்ணிலிருந்து ஸ்வாப் (கிருமிப் பரிசோதனைக்குப் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுத்தார்கள். கிருமியைத் தடுக்கப் புண்ணில் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் பூச்சின் மேலேயே துடைத்து எடுத்தது. சூடோமோனாஸ் வளர்ந்தது. நோயாளிக்கு அப்போது 38.3 டிகிரி செல்சியஸ், நாடி 112. இரண்டும் இரண்டாம் நாளிலிருந்தே அப்படித்தான். பெரிய தீக்காயத்தில் உடம்பே வெப்பநிலையை 38.5 அளவுக்கு உயர்த்திவைத்துக்கொள்ளும். அதைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு பைபராசிலின்-டாசோபாக்டமுக்கு மாற்றினார்கள். மேற்பரப்பில் கிருமி இருப்பது குடியேற்றம். அதற்கு ஆன்டிபயாட்டிக் மருந்தல்ல, கழுவலும் எக்ஸிஷனும்தான் மருந்து. அந்த ரிப்போர்ட் சொன்ன உண்மையான செய்தி "நாளையே எஸ்காரை எடு" என்பது. "மருந்தை மாற்று" என்று படிக்கப்பட்டது.

ஸ்வாப் எடுப்பதென்றால் அதற்கும் முறை இருக்கிறது. பழைய பூச்சையும் சீழையும் சலைனால் முழுதும் கழுவ வேண்டும். காய்ந்த எஸ்காரையும் தேங்கிய கசிவையும் தவிர்த்து, உயிருள்ளதாகத் தோன்றும் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் குச்சியை அழுத்தி ஐந்து நொடி உருட்ட வேண்டும். திசுவுக்குள்ளிருந்து ஈரம் வர வேண்டும். அப்படி எடுத்தாலும் அது எந்தக் கிருமி என்று சொல்லுமே தவிர, உள்ளே நுழைந்துவிட்டதா என்று சொல்லாது.

ஏழாம் நாள் காலை ஷீட்டில் மூன்று வரிகள் வெவ்வேறு பக்கங்களில் கிடக்கின்றன. இன்சுலின் தேவை மணிக்கு 2 யூனிட்டிலிருந்து 6-க்கு ஏறியது. இரண்டு முறை வாந்தி, வயிறு உப்பல். டிரெஸ்ஸிங் செய்த செவிலியர் "அடிவயிற்றில் கருநீலப் புள்ளிகள்" என்று எழுதியிருக்கிறார். ஐந்தாம் நாளுக்குப் பிறகு கட்டுப் பிரிக்கும்போது புண்ணைப் பார்த்த மருத்துவர் யாரும் இல்லை. மூன்று வரியையும் ஒருவர் ஒன்றாகப் படித்திருந்தால் ஒரு நாள் கிடைத்திருக்கும்.

எட்டாம் நாள்

வெப்பநிலை 39.4, நாடி 136, மூச்சு நிமிடத்துக்கு 32, தட்டணுக்கள் 3,10,000-லிருந்து 88,000. டியூப் உணவும் வாய் உணவும் 24 மணி நேரமாக வயிற்றில் தங்கவில்லை. அமெரிக்கத் தீக்காயச் சங்கத்தின் 2007 வரையறையில் ஆறு அம்சங்களில் மூன்று இருந்தாலே செப்சிஸைச் சந்தேகிக்க வேண்டும், தொற்றின் சான்று சேர்ந்தால் உறுதி. இவருக்கு ஐந்து. ஆறாவதான உயர் சர்க்கரை அம்சம் முன்பே சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கணக்கில் வராது. ஆனால் இன்சுலின் தேவை திடீரென ஏறுவது அவருக்கும் எச்சரிக்கைதான், வரையறையில் இடமில்லை என்பதற்காக ஒதுக்கிவிடக் கூடாது. மறுநாள் விடிகாலை வெப்பநிலை 36.1-க்கு இறங்கியது. சிலர் அதைக் கண்டு நிம்மதி அடைவார்கள். ரத்த அழுத்தம் 84/50, லாக்டேட் 4.6; அந்த இறக்கம் மோசமான சேதி.

கட்டைப் பிரித்ததும் எல்லாம் தெரிந்தது. மூன்றாம் நாள் வெள்ளையும் சிவப்புமாக இருந்த அடிவயிறு கருநீலமாகி முழு ஆழத்துக்கு மாறிவிட்டது. தொடையில் எஸ்கார் ஓர் ஓரத்தில் நேரத்துக்கு முன்பே கழன்று, அடியில் கொழுப்பு சாம்பல் பச்சையாக, இடையிடையே ரத்தம் கட்டிய புள்ளிகளோடு. எரியாத விளிம்புத் தோல் சிவந்து தடித்திருந்தது. வாசனையையும் பச்சை நிறத்தையும் மட்டும் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டுத்துணி பச்சையாவது குடியேற்றத்திலும் நடக்கும். கொழுப்பு பச்சையாவதுதான் படையெடுப்பு.

அடுத்த சில மணி நேரத்தில் செய்தவை, செய்த வரிசையிலேயே: இரண்டு இடத்தில் கை நரம்பிலிருந்தும், ஒன்று சென்ட்ரல் லைனிலிருந்தும் (பெரிய ரத்தக்குழாயில் போட்ட குழாய்) ஒரே நேரத்தில் ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை). தொடையிலும் அடிவயிற்றிலும் கத்தியால் எஸ்காரோடு அடியிலுள்ள உயிருள்ள கொழுப்பும் சேர வெட்டிய பயாப்சி, இடத்துக்கு இரண்டு துண்டு. ஒரு துண்டு சில சொட்டுச் சலைனோடு கிருமி நீக்கிய குப்பியில் கல்ச்சருக்கு, மற்றது ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு. அவசரத்தில் இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும்; அதோடு கல்ச்சர் போயிற்று. பிறகு மெரோபெனம் 2 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் ஓட. அமிக்காசின் கிலோவுக்கு 25 மி.கி. வீதம் 1,550 மி.கி. முதல் டோஸ்.

வழக்கமான டோஸ் ஏன் போதாது என்றால், தீக்காயத்தில் நீர் தேங்கி மருந்து பரவும் இடம் பெரிதாகிறது, ஆல்புமின் குறைகிறது, சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றுகிறது. புத்தக டோஸ் கொடுத்தால் அடுத்த டோஸுக்கு வெகு முன்பே ரத்தத்தில் அளவு சரிந்துவிடும். அதேவேளை ஷாக்கில் சிறுநீரகம் கெட்டால் கதை தலைகீழ். அமிக்காசின் இரண்டாம் டோஸுக்கு முன் ரத்த அளவும் கிரியாட்டினினும் பார்க்காமல் தொடரக் கூடாது.

சென்ட்ரல் லைன் இடத் தொடையிடுக்கில் இருந்தது, வலப்புறப் புண்ணிலிருந்து ஒரு கை தூரம்கூட இல்லை. மலம் படும் இடமும் அதுவே. அதை எடுத்து, கழுத்தில் எரியாத தோல் வழியே புதியது போட்டார்கள்.

பதினொரு மணி நேரத்துக்குள் தியேட்டர். இப்போது 8% இல்லை, 13%. ஏறக்குறைய 2,200 சதுர செ.மீ. தொற்று கொழுப்புக்குள் போய்விட்டதால் அடுக்கடுக்காகச் சீவும் முறை பலிக்காது. தசைமேல் உறை வரை முழுதாக எடுத்தார்கள். அழகு கெடும், ஆனால் ரத்த இழப்பு குறைவு, கிருமி மிச்சமிருக்காது. நேரம் இரண்டு மணி நேரத்துக்குள், உடல் வெப்பம் 35-க்குக் கீழே போனால் அந்த நிமிடமே நிறுத்துவது என்று முன்பே பேசிவைத்தார்கள். தியேட்டர் சூடு 30 டிகிரி, டிரிப்பும் ரத்தமும் வெதுவெதுப்பாக. நான்கு யூனிட் ரத்தம் போனது.

அன்றே சொந்தத் தோலை ஒட்டவில்லை. கிராமுக்கு 1,00,000 கிருமிக்கு மேல் உள்ள தளத்தில் ஒட்டிய தோல் பிடிக்காது. எடுத்த இடமும் புண், ஒட்டிய இடமும் புண் என்று இரட்டை நஷ்டம். மாஃபெனைடு என்ற கிருமித் தடுப்பு மருந்தின் 5% கரைசலில் நனைத்த துணி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நனைப்பு. இது எஸ்காருக்குள்ளும் ஊடுருவும், சில்வர் சல்ஃபாடயசினால் அது அவ்வளவாக முடியாது. விலையாக வருவது வலியும் ரத்தத்தில் அமிலம் ஏறுவதும். பைகார்பனேட்டை நாளுக்கு இருமுறை பார்த்தார்கள்.

ரிப்போர்ட்டுகள்

பயாப்சி கல்ச்சரில் சூடோமோனாஸ், கிராமுக்கு 10,00,000-க்கு மேல். திசுப் பரிசோதனையில் உயிருள்ள கொழுப்புக்குள்ளும் ரத்தக்குழாய்ச் சுவரைச் சுற்றியும் கிருமிக் கூட்டம். படையெடுப்பு என்பதை உறுதி செய்வது எண்ணிக்கையைவிட இதுதான். ரத்தக் கல்ச்சர் மூன்றிலும் அதே கிருமி. லைன் ரத்தம் கை நரம்பு ரத்தத்தைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி வளர்ந்திருந்தால் லைன்தான் மூலம் என்று ஐயப்படலாம்; இங்கே வித்தியாசம் 20 நிமிடம். மூலம் புண். பைபராசிலின்-டாசோபாக்டமும் செஃப்டாசிடைமும் எதிர்ப்பு, மெரோபெனமும் அமிக்காசினும் வேலை செய்யும். அமிக்காசினைத் தொடங்கிய நான்காம் நாளில் நிறுத்தி, மெரோபெனமைப் பத்து நாளில் முடித்தார்கள்.

தீப்பட்ட மூன்றாம் நாளில் வெள்ளணு 3,400-க்கு இறங்கி மூன்று நாளில் தானே ஏறியிருந்தது. அது சில்வர் சல்ஃபாடயசின் தொடங்கிய நாட்களில் வந்து போகும் இறக்கம். செப்சிஸோடு சேர்க்க வேண்டியதில்லை. சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முதல் நாளிலிருந்தே உயரம்தான், ஒரு தனி எண்ணாக அது எதையும் சொல்லவில்லை.

எந்த ஆபத்துக் காரணி எவ்வளவு

பட்டியல் எல்லாருக்கும் தெரியும்: எரிந்த பரப்பு, முழு ஆழம், மூச்சுக்குழாய்க் காயம், வயது, சர்க்கரை, குழாய்கள், நீண்ட வார்டு வாசம், முன்பு எடுத்த ஆன்டிபயாட்டிக். இதில் நோயாளி கொண்டுவந்தவை வேறு, வார்டு சேர்த்தவை வேறு. இவர் கொண்டுவந்தவை 35% பரப்பு, 8% முழு ஆழம், தொடையிடுக்குக் காயம், சர்க்கரை. வயதும் பரப்பும் கூட்டினால் பாக்ஸ் மதிப்பெண் 77, பிழைக்க வேண்டியவர்தான். வார்டு சேர்த்தவை: 3,700 மி.லி. கூடுதல் நீர், பாதிக்கும் குறைவான உணவு, தேவையற்ற இரண்டு ஆன்டிபயாட்டிக், தொடையிடுக்கு லைன். இவை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் எட்டு நாள் உடம்பில் இருந்த எஸ்காருக்கு ஈடாகாது என்பது எங்கள் கணிப்பு. நான்காம் நாள் 8% போயிருந்தால் கிருமிக்குத் தளமே இல்லை. அடிவயிற்றில் ஆழம் கூடியிருந்தாலும் அது காய்ந்த புண்ணாக இருந்திருக்கும்.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதையும் தேடினார்கள். குளிப்பாட்டும் டிராலியின் நீர்க்குழாய் முனையில் சூடோமோனாஸ் வளர்ந்தது, அதே மருந்து எதிர்ப்பு வரிசையோடு. இது சந்தேகத்துக்குப் போதும், நிரூபணத்துக்குப் போதாது. மரபணு ஒப்பீடு இல்லாமல் ஒன்றேதான் என்று சொல்ல முடியாது. குழாய் தரையில் சுருண்டு கிடக்கும், உள்ளே எப்போதும் தண்ணீர் நிற்கும். படலம் கட்ட இதைவிட நல்ல இடம் கிருமிக்குக் கிடையாது. குழாயைக் கழற்றி எறிந்து, முனையில் வடிகட்டி மாட்டி, பயன்படுத்தியதும் வடித்துத் தொங்கவிடும்படி மாற்றினார்கள். டிராலி மெத்தையின் உறையில் விரல்நீளக் கிழிசல் இருந்தது, உள்ளே ஸ்பாஞ்சு ஈரம். மேலே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, மெத்தையையே மாற்ற வேண்டியதாயிற்று.

டிரெஸ்ஸிங் வரிசையும் மாறியது. நெஞ்சு, கைகள் முதலில், தொடையிடுக்கு கடைசியில், ஒவ்வொரு பகுதிக்கும் புதுக் கையுறை, கழற்றியதும் கை கழுவல். பூச்சு டப்பா நோயாளிக்கு ஒன்று. பொது டப்பாவில் கைவிட்டு எடுக்கும் பழக்கம் இன்னும் பல வார்டுகளில் இருக்கிறது.

பின் நிகழ்ந்தவை

பதினொன்றாம் நாள் இரண்டாம் பார்வை: தொடை உள்பக்கத்தில் இரண்டு இடங்களில் மேலும் சிறிது இறந்த கொழுப்பு எடுக்கப்பட்டது. டியூப் வழியே நாளுக்கு 2,700 கலோரி, 120 கிராம் புரதம். சர்க்கரை 140 முதல் 180-க்குள். பதினைந்தாம் நாள் தளம் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும்படி இருந்தது. பயாப்சி எண்ணிக்கை 1,000-க்குக் கீழே. இடத்தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் 0.25 மி.மீ. கனத்தில் தோல் எடுத்து, 1:1.5 வலையாக்கி ஒட்டினார்கள். ஒட்டிய ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தபோது ஏறக்குறைய 85% பிடித்திருந்தது. போனது தொடையிடுக்கு மடிப்பில். அசைவும் ஈரமும் சேரும் இடம், முதல் முறையில் முழுதாகப் பிடிப்பது கடினம். பத்து நாள் கழித்து அங்கே மட்டும் மீண்டும் ஒட்டினார்கள். இடையில் சிறுநீர்க் கல்ச்சரில் கேண்டிடா வளர்ந்தது. அறிகுறி இல்லாததால் மருந்து தரவில்லை, சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள், அடுத்த கல்ச்சரில் இல்லை.

நாற்பத்து நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். எடை 55 கிலோ. இடுப்பு மடங்கி இறுகாமல் இருக்க இரவில் நீட்டிவைக்கும் ஸ்பிளின்ட், பகலில் அழுத்த உடை, இன்சுலின் இரு வேளை. உறை வரை வெட்டிய தொடை, மறுகாலைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்தே இருக்கும் என்பதைப் போகும் முன்பே அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லி அனுப்பினார்கள்.